வீட்லயே கம்மி செலவுல ஸ்ட்ரோக்கர் எஞ்சின்: டெல்டா ஜீப்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் பழைய ஜீப்பு, ஜிப்ஸி வெச்சிருக்கவங்க ஒரு பக்கம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினத்துலேர்ந்து குவைத், துபாய்னு போயி அங்க பழைய ஜீப் செரோக்கி வாங்கி மணல்ல ஓட்டுறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் கேக்குறது ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுடுறேன்.

ஸ்ட்ரோக்கர்னா என்னண்ணே? போரிங் பண்ணி பெரிய பிஸ்டன் போடுறதும் அதுவும் ஒண்ணுதானே?

ரெண்டும் வேற. புல்லட்டு எல்லாருக்கும் தெரியும், அதுலயே பாருங்க. பழைய 350 புல்லட்டுக்கு போர் 70 மி.மீ, ஸ்ட்ரோக் 90 மி.மீ. 500 புல்லட்டுக்கு போர் 84, ஸ்ட்ரோக் அதே 90. அதாவது பிஸ்டன் அகலமாச்சு, ஏறி இறங்குற தூரம் மாறல. ஸ்ட்ரோக்கர்ல நாம கை வெக்கிறது அந்த ஏறி இறங்குற தூரத்துல. அதுக்கு பிஸ்டன் ஏறி இறங்குறத சுத்தா மாத்துற தண்டான கிராங்க்கயே மாத்தணும், வேற கிராங்க் போடணும் இல்லன்னா இருக்குற கிராங்க்க ஆஃப்செட்டா கிரைண்ட் பண்ணணும். கிராங்க் மாறுனா கன்ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு), பிஸ்டன், கம்ப்ரஷன், பெட்ரோல் அளவு எல்லாமே கூடவே மாறும், செலவும் அங்கதான் ஏறும்.

ஓவர்சைஸ் போரிங்னால சிசி பெருசா ஏறிடாது. 0.030 இன்ச் போரிங் பண்ணா (பட்டறைல முப்பது சைஸ்னு சொல்லுவாங்க) நாலு லிட்டர் எஞ்சின்ல ஏறுறது சுமார் 60 சிசி. கிராங்க் மாத்துனா அதே எஞ்சின்ல 560 சிசி ஏறுது. கணக்கு கீழ வருது.

நம்ம ஊர்ல மலையே இல்ல, இதெல்லாம் எதுக்கு?

மலை இல்ல, சேறு இருக்குல்ல. நடவுக்கு தண்ணி கட்டுன வயல்ல, இல்ல ஐப்பசி மழையில ஊறுன வண்டல்ல டயரு எறங்கிடுச்சுன்னா ஆக்ஸிலேட்டர மிதிச்சு அலற விட்டா இன்னும் குழி தோண்டும், அவ்ளோதான். அங்க வேண்டியது கம்மி ஆர்பிஎம்ல நிக்காம இழுக்குற இழுவை. ஸ்ட்ரோக்கர் அத குடுக்கும், பவரு எண்ணிக்கையில கொஞ்சமாத்தான் ஏறும் ஆனா 1500, 2000 ஆர்பிஎம்லயே வண்டி வேற வண்டி மாதிரி இருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், பாதிப் பேருக்கு தேவை ஸ்ட்ரோக்கர் இல்ல. வழவழன்னு தேஞ்ச டயர்ல, கம்ப்ரஷன் போன எஞ்சின்ல, ஸ்லிப் ஆகுற கிளட்ச்சுல ஓட்டிகிட்டு ‘இழுவ பத்தலண்ணே’ம்பாங்க. மொதல்ல ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க, நல்ல மட் டயர் போடுங்க, லோ கியர் ஒழுங்கா விழுதான்னு பாருங்க. அதுக்கப்புறமும் பத்தலன்னா மேல படிங்க.

துபாய்ல இருக்குறவங்க 4.0 எஞ்சின்ல ஸ்ட்ரோக்கர் ஈஸிங்கிறாங்களே, அது எப்படி?

நெசமாவே ஈஸிதான், காரணம் கம்பெனியே தெரியாம நமக்கு வேலைய பாதி பண்ணி வெச்சிருக்கு. ஜீப்போட 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 1987ல செரோக்கில வந்துச்சு, 2006 வரைக்கும் ராங்லர்ல ஓடுச்சு. போர் 98.4 மி.மீ, ஸ்ட்ரோக் 86.7 மி.மீ. அதுக்கு முன்னாடி அதே குடும்பத்துல 258ன்னு ஒரு 4.2 லிட்டர் எஞ்சின் இருந்துச்சு, 1971ல ஆரம்பிச்சு 1990 வரைக்கும் ஜீப்ல வந்துச்சு, அதோட ஸ்ட்ரோக் 98.9 மி.மீ. ரெண்டுக்கும் மெயின் ஜர்னல், ராடு ஜர்னல் (கிராங்க்குல பேரிங் உக்கார்ற எடங்க) அளவு ஒண்ணு. அதனால 258 கிராங்க்க எடுத்து 4.0 பிளாக்ல வெச்சா அப்படியே உக்காந்துரும்.

ஸ்டாண்டர்ட் போர்லயே 4.5 லிட்டர் வந்துரும், முப்பது சைஸ் போரிங் பண்ணா 4.6, அறுபது சைஸ்னா கிட்டத்தட்ட 4.7. அறுபது போறதுக்கு முன்னாடி சிலிண்டர் சுவர் எவ்ளோ கனம் இருக்குன்னு செக் பண்ணாம போகக்கூடாது. பட்ஜெட்டுன்னா முப்பதோட நிறுத்திக்கங்க, அடுத்த ஓவர்ஹாலுக்கும் பிளாக் மிச்சம் இருக்கும்.

கிராங்க்குல சின்னச் சின்ன வில்லங்கம் உண்டு. 258 கிராங்க்குலயே பழசு 12 கவுண்டர்வெயிட்டோட (சமன் பண்ற எடைக்கட்டி) கனமா இருக்கும், பின்னாடி வந்தது 4 கவுண்டர்வெயிட், லேசு. சிலதுல முன்பக்க மூக்கு நீளமா இருக்கும், டேம்பருக்கு (கிராங்க் முன்னாடி மாட்டுற அதிர்வு கொறைக்கிற சக்கரம்) பின்னாடி ஸ்பேசர் போடணும் இல்ல மூக்க லேத்துல வெட்டணும். மேனுவல் கியர்பாக்ஸ்னா பின்னாடி கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முனை உக்கார்ற பைலட் புஷ் அளவும் ஒத்து வராம போகலாம், அத பட்டறையில புதுசா கடைஞ்சுக்கணும். இதெல்லாம் எஞ்சின் மூடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, கியர்பாக்ஸ் மாட்டும்போது கண்டுபுடிச்சா அழுகதான் வரும்.

கன்ராடு எத போடுறது, 4.0ஓடதா 258ஓடதா?

என்கிட்ட நூறு தடவ கேட்ட கேள்வி இது, இதுலதான் பட்ஜெட்டே இருக்கு. ஒரு பேப்பர்ல மூணு நம்பர எழுதி கூட்டுங்க: ஸ்ட்ரோக்ல பாதி, கன்ராடு நீளம், கஜன்பின் (பிஸ்டனையும் கன்ராடையும் சேக்குற பின்) நடுவுலேர்ந்து பிஸ்டன் தல வரைக்கும் உள்ள ஒசரம். இந்தக் கூட்டுத்தொகை பிளாக் ஒசரத்த தாண்டக்கூடாது. 4.0 பிளாக்ல கிராங்க் நடுவுலேர்ந்து மேல் தளம் வரைக்கும் சுமார் 240.1 மி.மீ.

கம்பெனி 4.0ல: 43.4 + 155.6 + 40.7, ஆக 239.7. சரியா இருக்கு, பிஸ்டன் மேல வரும்போது தளத்துக்கு ஒரு நூலிழை கீழ நிக்கும்.

258 கிராங்க்கோட 4.0 கன்ராடு, 4.0 பிஸ்டன்: 49.5 + 155.6 + 40.7, ஆக 245.8. பிஸ்டன் பிளாக்க விட்டு 5.7 மி.மீ வெளிய வந்து ஹெட்டுல முட்டும். சுத்தவே சுத்தாது.

258 கிராங்க், 258 கன்ராடு, 4.0 பிஸ்டன்: 49.5 + 149.2 + 40.7, ஆக 239.4. உக்காந்துருச்சு.

இந்த மூணாவதுதான் ஏழைங்களோட ஸ்ட்ரோக்கர். கிராங்க்கும் கன்ராடும் ஒரே பழைய 258லேர்ந்து வந்துரும், பிஸ்டன் சாதாரண ஓவர்சைஸ் பிஸ்டன். 4.0 கன்ராடுதான் வேணும்னு அடம்புடிச்சா பின்லேர்ந்து தல வரைக்கும் 34.4 மி.மீ உள்ள தனி பிஸ்டன் வாங்கணும், வெல ஏறும். நீளக் கன்ராடு போட்டா பிஸ்டன் சுவத்துல சாயுறது கம்மியாகும், அது நல்லதுதான், ஆனா பட்ஜெட் எஞ்சினுக்கு அதுக்காக காச கொட்ட வேணாங்கிறது என் கருத்து.

இந்தக் கூட்டல் எந்த எஞ்சினுக்கும் பொருந்தும். யாராவது ‘அந்த வண்டி கிராங்க் இந்த வண்டில போடலாம்ணே’ன்னா மொதல்ல இந்த மூணு நம்பர கேளுங்க, சொல்லத் தெரியலன்னா டீய குடிச்சிட்டு கெளம்பிடுங்க.

கம்ப்ரஷன் ஏறிடுமா? எந்த பெட்ரோல் போடணும்?

ஏறும். சேம்பர் அளவு மாறாம சிலிண்டர்ல காத்து மட்டும் கூடுதலா போகுதுல்ல. 4.0ல கம்பெனி கம்ப்ரஷன் 8.8, அதாவது உள்ள இருக்குற காத்து 8.8ல ஒரு பங்கா அமுங்கும். ஒரு சிலிண்டருக்கு 659 சிசி, அப்படின்னா மேல மிச்ச எடம் சுமார் 84.5 சிசி. 4.6 ஆக்குனா ஒரு சிலிண்டருக்கு 764 சிசி, மேல அதே எடம்னா கம்ப்ரஷன் 10 ஆயிடும். சாதா பெட்ரோல்ல, சித்திர வெயில்ல, சேத்துல லோடு ஏத்தி இழுக்கும்போது இது டிக்டிக்டிக்னு தட்டும், தட்டுனா பிஸ்டன் போகும். அதனால தலையில பள்ளம் உள்ள பிஸ்டன் வாங்கி 9.2, 9.3 பக்கம் கொண்டாருவாங்க. துபாய்ல 91, 95, 98னு மூணு பெட்ரோலும் பங்க்ல கெடைக்குது, அங்க இருக்கவங்களுக்கு கொஞ்சம் வசதி.

கம்ப்ரஷன கொறைக்கிறேன்னு கனமான ஹெட் கேஸ்கெட்ட மட்டும் போடாதீங்க. பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 1 மி.மீ, 1.2 மி.மீ அளவுல நெருக்கமா இருந்தாதான் காத்து நல்லா கலங்கும், தட்டாது. எடைவெளிய கூட்டுனா கம்ப்ரஷன் கொறஞ்சும் தட்டுற கூத்து நடக்கும்.

இன்ஜெக்டரும் பெருசு வேணும். 4.0ல கம்பெனி போட்டதோட 4.6 ஓட்டுனா மேல் ஆர்பிஎம்ல பெட்ரோல் பத்தாம லீனா ஓடி சூடேறும். நம்ம ஊர்லன்னா இப்ப பங்க்ல வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் அதுல ஊறி கெட்டுப் போகும், எஞ்சின் கட்டும்போதே அதையும் மாத்திடுங்க.

என்கிட்ட மஹிந்திரா டிஐ எஞ்சின் ஜீப்பு, அத ஸ்ட்ரோக்கர் ஆக்கலாமா?

வேணாங்க. அந்த 2523 சிசி டீசல் எஞ்சினுக்கு போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மி.மீ, அதாவது மூணரை இன்ச்சு, நாலு இன்ச்சு. அதோட வம்சமே இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர்லேர்ந்து வந்தது. பொறக்கும்போதே லாங் ஸ்ட்ரோக், நாம எதுக்கு இன்னும் நீட்டணும்? பம்ப்ப கலிபரேஷன் பண்ணி, நாசில் மாத்தி, போரிங் பண்ணி ஒழுங்கா ஓவர்ஹால் பண்ணா சேத்துக்கு அதுவே தாராளம். பழைய எம்எம்540ல வர்ற 2112 சிசி பேஜோ எஞ்சின் 90க்கு 83, அது குட்ட ஸ்ட்ரோக். அதுல இழுவ பத்தலன்னு சொல்றவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு, ஆனா அதுக்கு எஞ்சினயே மாத்துறது சுலபம்.

ஜிப்ஸிக்கு?

ஜிப்ஸி கிங்ல வர்ற ஜி13 எஞ்சின் 1298 சிசி, போர் 74, ஸ்ட்ரோக் 75.5. பழைய பலேனோல வந்த ஜி16 எஞ்சின் 1590 சிசி, போர் 75, ஸ்ட்ரோக் 90. போர் ஒரு மி.மீதான் வித்தியாசம், மத்ததெல்லாம் ஸ்ட்ரோக்குலதான் வந்துருக்கு. ஆக கம்பெனியே கட்டி குடுத்த ஸ்ட்ரோக்கர் அது. சில பேரு பலேனோ கிராங்க்க மட்டும் ஜி13 பிளாக்ல எறக்கலாமான்னு கேக்குறாங்க. மேல சொன்ன கூட்டல போட்டுப் பாருங்க, ஸ்ட்ரோக்ல பாதி மட்டுமே 7 மி.மீக்கு மேல ஏறுது, அந்த ஒசரத்துக்கு ஜி13 பிளாக்ல எடம் இல்ல. ஜி16 பிளாக்கே ஒசரம் கூட. அதனால முழு எஞ்சினா வாங்கி, பிரிச்சு, புதுசா கட்டி மாட்டுறதுதான் வழி. பலேனோ இப்ப அதிகம் கண்ணுல படாது, சென்னை புதுப்பேட்டையில தேடுனா கெடைக்கும், வாங்கும்போது கம்ப்யூட்டரும் ஒயரிங்கும் சேத்து கேளுங்க, இல்லன்னா அத தனியா தேடி அலையணும்.

பட்டறை வேலைக்கு எங்க போறது? நம்ம பக்கம் ஆள் இருக்கா?

இதுல டெல்டாவ யாரும் அடிச்சுக்க முடியாது. பம்ப்செட்டு, டிராக்டரு, அறுவட மிஷினுன்னு இங்க வருசம் பூரா எஞ்சின் பிரிச்சுகிட்டேதான் இருக்காங்க, போரிங் பட்டறை இல்லாத டவுனே கெடையாது. கிராங்க் கிரைண்டிங்குக்கு மட்டும் திருச்சி போங்க, அரியமங்கலம் பக்கம் லாரி கிராங்க்கயே தூக்கிப் போட்டு கிரைண்ட் பண்ற மிஷின் இருக்கு.

நல்ல போரிங்காரர எப்படி கண்டுபுடிக்கிறதுன்னா, பிளாக்க கொண்டு போய் எறக்குனதும் அவரு மொதல்ல கேக்குறது ‘பிஸ்டன் எங்க?’ன்னுதான் இருக்கணும். ‘முப்பது சைஸ்தானே, வெச்சிட்டு போங்க’ன்னா பிளாக்க திருப்பி ஏத்திடுங்க. ஒரே பெட்டியில வர்ற பிஸ்டன்கூட ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் இருக்கும். கெட்டிக்காரரு ஒவ்வொண்ணையும் பாவாடைக்கிட்ட (பிஸ்டனோட கீழ்ப்பக்கம்) மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து, தலையில சாக்பீஸால நம்பர் போட்டு, அந்தந்த சிலிண்டர அந்தந்த பிஸ்டனுக்கு கடைவாரு. கடைசி துளி ஹோனிங்ல வரும், குறுக்கும் நெடுக்குமா கோடு விழணும், அந்தக் கோட்டுலதான் ஆயில் நிக்கும். அப்படி ஒரு பெரியவர் ஒரத்தநாடு பக்கம் இருக்காரு, போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போனாதான் வேல.

பட்டறைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பிளாக்க கழுவி கிராக் செக் பண்ண சொல்லுங்க. கிராக் விட்ட பிளாக்ல போரிங் போட்டா காசு ஆத்தோட போச்சு.

வீட்ல என்னென்ன செய்யலாம்?

பிரிக்கிறது, கழுவுறது, அளக்குறது, மூடுறது. கடைசல் மட்டும் வெளிய.

அளக்கத் தேவையான சாமான்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க: மைக்ரோமீட்டர், டயல் கேஜ், ஃபீலர் கேஜ், நல்ல டார்க் ரென்ச். வாங்க முடியலன்னா பட்டறைல எரவல் கேளுங்க.

ரிங் கேப் பாக்குறது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா. ரிங்க சிலிண்டர்ல வெச்சு, பிஸ்டன தலகீழா திருப்பி அத வெச்சு ரிங்க ஒரு இன்ச் உள்ள தள்ளுனா நேரா உக்காரும், அப்புறம் ரெண்டு முனைக்கும் நடுவுல ஃபீலர் கேஜ நுழைக்கணும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு போர் ஒரு இன்ச்சுக்கு 4 தவ்னு (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) வெச்சுக்கங்க, 99 மி.மீ போருக்கு 0.4 மி.மீ பக்கம் வரும். கம்மியா இருந்தா சின்ன அரம் போட்டு ராவுங்க, உள்பக்கமா மட்டும். கேப் கம்மியா விட்டா சூட்டுல முனை முட்டி பிஸ்டன் கரையே ஒடஞ்சுரும்.

ஸ்ட்ரோக்கருக்குன்னு தனியா ஒரு செக் இருக்கு. கிராங்க் இப்ப பெரிய வட்டம் போடுது, கன்ராடு போல்ட்டு பிளாக் அடியிலயோ வால்வ தொறக்குற கேம் ஷாஃப்ட்டுலயோ ஒரசலாம். ரிங் போடாம ஒரு பிஸ்டன மாட்டி கையால மெதுவா சுத்தி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் போல்ட்டுக்கும் பிளாக்குக்கும் 1.5 மி.மீயாச்சும் எடம் இருக்கான்னு பாருங்க. ஒரசுற எடத்த கிரைண்டர் போட்டு லேசா எடுக்கலாம், ஆனா எடுத்தப்புறம் திரும்ப பிளாக் பூரா கழுவணும்.

கழுவுறதுன்னா டீசல்ல இல்ல. சுடுதண்ணி, சோப்புத்தூள், பிரஷ். ஹோனிங் கல்லுத்தூள் டீசல்ல போகவே போகாது. கழுவிட்டு வெள்ள பனியன் துணிய எண்ணெயில நனைச்சு சிலிண்டர தொடைச்சா துணி சாம்பல் நெறமா வரும், திரும்ப கழுவுங்க, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும்.

மழைக்காலத்துல கட்டலாமா?

கட்டலாம், ஆனா கழுவுன பிளாக்க அப்படியே வெச்சிட்டு தூங்கப் போனீங்கன்னா காலையில சிலிண்டர் செவப்பா நிக்கும். இங்க ஐப்பசி, கார்த்தியில காத்துலயே தண்ணி, வேதாரண்யம் பக்கம்னா உப்பும் சேந்து வரும். தொடைச்ச கையோட ஆயில் தடவி பெரிய பாலித்தீன் பையில கட்டிடுங்க. கீத்துக் கொட்டாய்ல வேல பாக்குறவங்க மேல தார்பாய் கட்டுங்க, தென்ன ஓல தூசி விழுந்தா பேரிங்குதான் பலி.

காச எங்க மிச்சம் புடிக்கலாம், எங்க புடிக்கக் கூடாது?

கழட்டி மாட்டுற கூலி, பெயிண்டு, குரோம் மூடி, பெரிய சத்தம் போடுற சைலன்சர் எல்லாம் மிச்சம். நல்லா இருந்தா பழைய ஹெட்டயே வால்வு கிரைண்டிங் பண்ணிக்கலாம். பேரிங், ஆயில் பம்ப், கேஸ்கெட் செட், கன்ராடு போல்ட்டு இது நாலும் புதுசு, நல்ல கம்பெனி. கிராங்க், கன்ராடு, பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ணிடணும், வேற வேற எஞ்சின் சாமான சேக்குறோம்ல. அத விட்டா வண்டி உதறிகிட்டே பேரிங்க தின்னும்.

மொத ஸ்டார்ட்டு எப்படி?

ஆயில் பம்ப்ப முன்கூட்டி சுத்தி பிரஷர் வர வெச்சிட்டுதான் சாவியே போடணும். 4.0 மாதிரி தட்டையான டேப்பெட் உள்ள எஞ்சின்ல புது கேம் போட்டிருந்தா, ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல விடாம 2000லேர்ந்து 2500 ஆர்பிஎம்ல 20 நிமிசம் வெச்சிருக்கணும், துத்தநாகம் கலந்த ஆயில் ஊத்தணும். ஐடில்ல வுட்டா கேம் மூக்குக்கு ஆயில் பத்தாம தேஞ்சுரும். ஒருத்தரு ரேடியேட்டர்கிட்ட, ஒருத்தரு ஆயில் மீட்டர்கிட்ட நிக்கணும். நின்னு ஆறுனதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. அப்புறம் 500 கிலோமீட்டர்ல ஒரு தடவ. ஒரே வேகத்துல வெரட்டாம ஏத்தி எறக்கி ஓட்டுனா ரிங் நல்லா உக்காரும்.

மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?

இந்தக் கேள்விய கேக்குறவரு இந்த எஞ்சின் கட்ட வேணாம்.

ஆர்டிஓ பிரச்சன வருமா?

வரும், மறைக்காம சொல்றேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சில இருக்குற விவரம் கம்பெனி குடுத்ததுலேர்ந்து மாறக்கூடாது, சிசியும் அதுல அடக்கம். எஞ்சின் மாத்துறதுக்கு முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத உறுதியா சொல்லிடுச்சு. அதே வருசத் திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா அபராதம் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூட போடலாம்னு வந்துருக்கு. ஆக்ஸிடென்ட்னா இன்சூரன்ஸ்காரங்க கைய விரிக்கிறதுக்கு நாமளே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். போட்டிக்கு, சொந்த எடத்துல ஓட்டுறதுக்குன்னே வெச்சிருக்க வண்டிய டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறதுதான் நேர்வழி.

அப்ப எங்கதான் ஓட்டுறது?

அறுவட முடிஞ்சு உளுந்து தெளிக்காத வயலு, ஓனரு சம்மதத்தோட. சம்பா நிக்கும்போது வரப்புகிட்டகூட போகாதீங்க. கோடியக்கரை சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்தி பக்கமெல்லாம் வனத்துறை எடம், வண்டியோட எறங்குனா கேசுதான். சேத்துலேர்ந்து வந்ததும் ஏர் ஃபில்டர கழட்டிப் பாருங்க, ரேடியேட்டர் முன்னாடி அப்பியிருக்க வண்டல ஈரமா இருக்கும்போதே தண்ணி அடிச்சு எடுங்க, காஞ்சா ஓடு மாதிரி புடிச்சுக்கும், அப்புறம் எஞ்சின் சூடேறுதுன்னு எனக்குத்தான் போன் வரும்.